மஞ்சள் பெட்டி, ஊதாப் பெட்டி, பதினொரு துணி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கடைக்குள் நுழைந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கைவிரித்துவிடுவார்கள். பசைக்காரர் என்று கேட்டால் போதும். "நேரா மேல போங்க, ரெண்டாவது மாடி, கடைசி ரூம்" என்று வாசலில் நிற்கிற காவலாளிகூட வழி சொல்லிவிடுவார்.

கம்ப்யூட்டர் கடை அது. கீழே விற்பனை, முதல் மாடியில் பிரிண்டரும் மானிட்டரும், இரண்டாவது மாடியின் கோடியில் அசெம்பிளி அறை. வாடிக்கையாளர் கேட்கிற சாமான்களை ஒன்றாகச் சேர்த்து முழுக் கம்ப்யூட்டராக மாட்டித் தருகிற இடம். சுவரோரமாக இரண்டு மேஜைகள். இடது மேஜை ஜன்னல் பக்கம், வலது மேஜை மூலையில். நடுவில் ஓர் உயரமான ஸ்டூல். அதில்தான் பசைக்காரர் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார். ஸ்டூலின் நாலு காலில் ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்கு ஏற்றபடி அவர் உடம்பும் ஒரு பக்கம் சாய்ந்தே பழகிவிட்டது. வீட்டில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாலும் சாய்ந்துதான் உட்காருவார்.

அவர் வேலை இதுதான். கம்ப்யூட்டருக்குள் யோசிக்கிற வேலையைச் செய்வது பிராசஸர் என்கிற சில்லு. தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். யோசித்தால் சூடாகும், நிறைய யோசித்தால் நிறையச் சூடாகும். சூடு எல்லை மீறினால், "இனி நம்மால் ஆகாது" என்று தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சூட்டை உறிஞ்ச அதன் தலைமேல் ஓர் அலுமினியக் கட்டியும் விசிறியும் உட்காரும். சில்லுக்கும் கட்டிக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பசை தடவ வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. அந்தப் பசையை அளவாகப் போடுகிற கை அவருடைய கை.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்கப்புறம் பதினைந்து வருஷம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். கம்ப்யூட்டர் கடைக்கு முதலில் பெட்டி தூக்கத்தான் வந்தார். ஒரு நாள் மாடிக்குப் பெட்டி கொண்டுபோனபோது, அங்கிருந்த என்ஜினியர் பசையை அள்ளி அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், பஞ்சருக்கே நாங்க இவ்வளவு போட மாட்டோம் சார்."

"அப்ப நீயே போடு" என்று ட்யூபை நீட்டினார் என்ஜினியர். கோபத்தில் நீட்டியதுதான். ஆனால் அந்த ட்யூபை அவர் திரும்ப வாங்கவே இல்லை.

அந்தக் கடைக்கு பிராசஸர் போடுகிற கம்பெனிகள் இரண்டு. ஒன்றின் சரக்கு மஞ்சள் பெட்டியில் வரும், இன்னொன்று ஊதாப் பெட்டியில். பசைக்காரருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆகவே பெட்டியின் நிறம்தான் அவருக்குக் கம்பெனியின் பெயர். கம்பெனிக்கு ஒருவராக இரண்டு பிரதிநிதிகள் கடைக்கு வந்துபோவார்கள். மஞ்சள் பெட்டிக்காரர் ஒல்லி, டை கட்டியவர், பேசும்போது டையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். ஊதாப் பெட்டிக்காரர் கொஞ்சம் சதைப்பிடிப்பு, வயசில் சின்னவர், எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சண்டைக்கு வருவார். இரண்டு பேரும் கடை வாசலில் சந்தித்தால் கைகுலுக்குவார்கள். குலுக்கிய கையை இருவருமே உடனே பேண்ட்டில் துடைத்துக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு கம்பெனிக்கும் அந்தக் கடையில் ஓட்டப்பந்தயம் நடக்கும். யாருடைய பிராசஸர் வேகமோ அவர்களுக்குத்தான் அந்த வருஷம் முழுக்கக் கீழே கண்ணாடி அலமாரியின் முன்வரிசை. தோற்றவர் பின்வரிசை. பின்வரிசைக்கும் குப்பைக் கூடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பிரதிநிதிகள் இருவருமே நம்பினார்கள். எல்லா விஷயத்திலும் அடித்துக்கொள்கிற அவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே வாயாகப் பேசினார்கள். இரண்டு மெஷினையும் பசைக்காரர்தான் மாட்ட வேண்டும், வேறு யார் கை பட்டாலும் பந்தயம் செல்லாது. அந்தக் கையில் மஞ்சளும் இல்லை, ஊதாவும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பசைக்காரர் இதை வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. பந்தய நாளன்று மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார், அவ்வளவுதான்.

இந்த வருஷப் பந்தயத்துக்குப் பத்தொன்பது நாள் முன்னால் அவருக்குப் பேத்தி பிறந்தாள்.

அதோடு மனிதர் தரையில் நடப்பதை விட்டுவிட்டார். பேத்தி கொட்டாவி விட்டால் அது கடை முழுக்கச் செய்தி. கண்ணைத் திறந்து மின்விளக்கைப் பார்த்தாள் என்றால், "என்னா பார்வைங்கிறீங்க! அப்படியே அந்த லைட்டோட வாட்ஸ் என்னன்னு கேக்குற மாதிரி பாத்தா" என்பார். அவர் படியிறங்கி வருவதைப் பார்த்தாலே விற்பனைப் பெண்கள், "போட்டோ காட்ட போன எடுக்கப்போறாரு, ஓடுங்கடி" என்று கலைந்துவிடுவார்கள். ஓடியவர்களையும் விடமாட்டார்.

இத்தனை ஆசைக்கும் வீட்டில் குழந்தையைக் கையில் வாங்குவது சுலபமாக இல்லை. மனைவி கறாராக இருந்தாள். "கீழ உக்காருங்க. நல்லா சம்மணம் போட்டு உக்காருங்க. கையை நீட்டுங்க பாக்கலாம். ம். தலை பத்திரம், தலை பத்திரம்." ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வாள். "சில்லு மாட்டுற கைடீ இது. ஒரு ஊசி அளவு தப்பாது" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "சில்லு நெளியாது, இவ நெளிவா" என்றாள் அவள்.

துணி விவகாரம் ஒன்றும் இருந்தது. டயப்பர் போட்டால் குழந்தைக்குத் தோல் சிவக்கிறது, பருத்தித் துணியே கட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணி கட்டலாம், எங்கே காயவைப்பது? இரண்டு வாரமாக விடாத மழை. நாற்காலி முதுகு, கதவுக் கைப்பிடி, ஜன்னல் கம்பி என்று வீடெங்கும் துணி தொங்கியது. எல்லாம் ஈரம். மகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் பசைக்காரருடைய தொழில் மூளை வேலை செய்தது. மாட்டி முடித்த மெஷினை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கொடுப்பது கடையின் வழக்கம். ஓடுகிற மெஷின் பின்பக்கமாக வெதுவெதுவென்று காற்று விடும். வலது மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. அங்கே இரண்டு ஆணி அடித்து, ஒரு கொடி கட்டினார். காலையில் நாலைந்து ஈரத்துணியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அதில் தொங்கவிட்டால், மத்தியானத்துக்குள் காகிதம் மாதிரி மொடமொடவென்று ஆகிவிடும். இடது மேஜை ஜன்னல் பக்கம் என்பதால் தாழ்வாரத்தில் போகிறவர் கண்ணில் படும். வலது மேஜை மூலையில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அசெம்பிளி அறைக்குள் ஈரமே வரக்கூடாது, தண்ணீர் பாட்டில்கூட வெளியேதான் என்பது முதலாளியம்மா போட்ட சட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த ஒரே திருட்டுத்தனம் இந்தக் கொடிதான்.

பந்தய நாள் காலையில் பேத்திக்கு வயிறு சரியில்லை. பையில் நாலைந்துக்குப் பதில் பதினொரு துணி இருந்தது. கொடியில் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாக, நெருக்கியடித்துத் தொங்கவிட்டார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இஸ்திரிச் சட்டையோடு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். அதற்குள் முதலாளியம்மாவும் பிரதிநிதிகள் இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். துணியை அவர் அத்தோடு மறந்துபோனார்.

முதலாளியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். எதையும் இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை எழுதிக் கொடுக்கச் சொல்கிறவர்.

"எங்களோடது எட்டு கோர் மேடம்" என்று டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார் மஞ்சள் பெட்டிக்காரர். கோர் என்றால் சில்லுக்குள் இருக்கிற வேலையாள் என்று வைத்துக்கொள்ளலாம். "எட்டும் எட்டு சிங்கம்."

"எங்களோடது பதினாறு" என்று சிரித்தார் ஊதாப் பெட்டிக்காரர்.

"பதினாறு பேரு நடந்து வர்றதுக்குள்ள எங்க எட்டு பேரு ஓடிப் போய்ட்டுத் திரும்பி வந்துடுவாங்க."

"ஓடினா மூச்சு வாங்குமே சார். உங்க ஆளுங்க மூச்சு வாங்குற சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேக்குதாம். ஃபேனத்தான் சொல்றேன்."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எட்டு பெருசா, பதினாறு பெருசா?"

"அது வேலையைப் பொறுத்தது மேடம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். சொன்னது ஒன்றாகிவிட்டதே என்று இருவருக்குமே சங்கடமாகிவிட்டது.

இரண்டு சில்லின் வேகத்தையும் கோபுரம் கோபுரமாக வரைந்த தாளை ஆளுக்கு ஒன்று எடுத்து மேஜையில் விரித்தார்கள். மஞ்சள் பெட்டிக்காரர் தாளில் மஞ்சள் கோபுரம் உயரமாக நின்றது, ஊதா குட்டையாக. ஊதாப் பெட்டிக்காரர் தாளில் நேர்மாறு.

"ரெண்டு தாள்லயும் அவங்கவங்க ஜெயிச்சிருக்கீங்க" என்றார் முதலாளியம்மா. "அப்ப தோத்தது யாரு? நானா?"

பசைக்காரர் தன் பாட்டுக்கு இரும்பு ஸ்கேலை எடுத்து மஞ்சள் கோபுரத்தை அளந்தார். ஊதாவைப்போல மூன்று மடங்கு உயரம் வந்தது. இங்கிலீஷ் எழுத்து வராதே தவிர எண் அவருக்கு நன்றாக வரும். கோபுரங்களுக்கு அடியில் நூற்று நாலு, நூறு என்று போட்டிருந்தது.

"நூத்தி நாலுக்கும் நூறுக்கும் நடுவுல மூணு மடங்கு உயரமா சார்?"

"அது... நாங்க தொண்ணூத்தெட்டுலேருந்து ஆரம்பிச்சிருக்கோம்ணே."

"தரை எங்க சார் போச்சு?"

ஊதாப் பெட்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பசைக்காரர் அவருடைய தாளையும் அளக்க ஸ்கேலை நகர்த்தினார். சிரிப்பு சட்டென்று நின்றது, தாளும் மடிந்து பைக்குள் போய்விட்டது.

வேகத்தை அளக்க மஞ்சள் பெட்டிக்காரர் கொண்டுவந்த பரீட்சையில் மஞ்சள்தான் ஜெயிக்கும், ஊதாப் பெட்டிக்காரர் கொண்டுவந்ததில் ஊதாதான் ஜெயிக்கும் என்பது முதலாளியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு பேரு பரீட்சையும் வேணாம். நிஜமான வேலை ஏதாவது குடுத்துப் பாப்போம். பொது ஆளு யாருகிட்டயாவது இருக்கா?"

பசைக்காரர் வகுப்பில் கை தூக்குவதுபோல மெதுவாகக் கையைத் தூக்கினார். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. மருமகன் பேத்தியை எடுத்த வீடியோ. தூர ஊரில் இருக்கிற சம்பந்தியம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அவர் போனில் பெரிய படம் திறக்காது, சுருக்கித் தர வேண்டும்.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம் மேடம்."

"என்னண்ணே இருக்கு அதுல?"

"தூங்குறா மேடம்."

"ஒண்ணே முக்கால் மணி நேரமா?"

"நடுவுல ஒரு தடவ தும்முவா."

இப்படியாக, இரண்டு பெரிய கம்பெனிகளின் மானமும் ஒரு பத்தொன்பது நாள் குழந்தையின் தூக்கத்தில் வந்து நின்றது. எந்த மெஷின் அந்த வீடியோவை முதலில் சுருக்கி முடிக்கிறதோ அதற்கு வெற்றி.

பசைக்காரர் இரண்டு சில்லுக்கும் பட்டாணி அளவு பசை வைத்து, கட்டியை அழுத்தி, எதிரெதிர் மூலைத் திருகுகளாகப் பார்த்து முடுக்கினார். ஊதா மெஷின் இடது மேஜையில், மஞ்சள் மெஷின் வலது மேஜையில். முதலாளியம்மா ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார்.

ஊதா பதினெட்டு நிமிஷத்தில் முடித்தது. மஞ்சள் முடிக்க இருபத்தோரு நிமிஷம் ஆனது.

மூன்று நிமிஷ வித்தியாசம்! இதுவரை நடந்த எந்தப் பந்தயத்திலும் அரை நிமிஷத்துக்கு மேல் போனதில்லை. மஞ்சள் பெட்டிக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. திரையைக் காட்டினார். "சூட்டைப் பாருங்க மேடம். தொண்ணூத்தேழு டிகிரி. எங்க சில்லு இந்தச் சூடு காட்டவே காட்டாது. பசைல ஏதோ தப்பு."

திறந்து பார்த்தார்கள். பசை சில்லு முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தது. இருந்தாலும் கேட்டவருக்காகத் துடைத்துவிட்டு, இரண்டு மெஷினுக்கும் புதிதாகப் போட்டார் பசைக்காரர். மஞ்சள் பெட்டிக்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை. மேஜையையும் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினார்கள். இப்போது மஞ்சள் இடது பக்கம், ஊதா வலது பக்கம். பேத்தி மறுபடி தூங்கினாள். மறுபடி தும்மினாள்.

மஞ்சள் பதினெட்டு நிமிஷம். ஊதா இருபத்தொன்றரை.

இப்போது ஊதாப் பெட்டிக்காரர் சிரிக்கவே இல்லாமல் நேராகச் சண்டைக்கு வந்தார். "இது எப்படி? காலைல ஜெயிச்ச மெஷின் இப்ப எப்படித் தோக்கும்? சூடு தொண்ணூத்தெட்டு! பிரிச்சு மாட்டினதுக்கு அப்புறம்தான் இப்படி ஆயிருக்கு!"

முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டு தடவயும் இடது மேஜைதான ஜெயிச்சிருக்கு?" கீழேயிருந்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அவர் இரண்டு பிளக்கிலும் மீட்டரைச் செருகிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், ஒரு நூல் வித்தியாசம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஜைமேல் பழி போட முடியவில்லை. மிச்சம் இருந்தது கை ஒன்றுதான்.

பிரதிநிதிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்கு வந்த நாள் முதல் அவர்கள் அவருக்கு எதிராக ஒரே பக்கம் நின்றது அன்றுதான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே" என்று ஊதாப் பெட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தாத்தா வேற ஆயிட்டீங்க. வயசானா கை லேசா நடுங்கத்தான் செய்யும். ஒரு தடவ கூடுது, ஒரு தடவ குறையுது."

"இயற்கைதானே" என்றார் மஞ்சள் பெட்டிக்காரர்.

பசைக்காரர் கையை நீட்டிப் பார்த்தார். நடுங்கவில்லை என்றுதான் தோன்றியது. உற்றுப் பார்க்கப் பார்க்க நடுங்குவது போலவும் இருந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தார். இப்போது எது நடுங்குகிறது என்றே தெரியவில்லை.

"அண்ணே" என்றார் முதலாளியம்மா. குரலில் வழக்கமில்லாத கனிவு. "இன்னிக்குப் போதும். அடுத்த வாரம் வேற ஆளை விட்டு மாட்டிப் பாப்போம். நீங்க நாளையிலேருந்து பேக்கிங் பக்கம் இருங்க. உக்காந்து செய்யிற வேலதான்."

மூவரும் தாழ்வாரத்துக்கு டீ குடிக்கப் போய்விட்டார்கள். பசைக்காரர் மட்டும் ஸ்டூலில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பசையைத் தன் கண்ணால் பார்த்தாரே! இரண்டும் அச்சில் வார்த்தது போல இருந்தனவே! பசை சரி, பிளக் சரி, சில்லும் சரி என்றால் சூடு எங்கிருந்து வந்தது? ஒருவேளை திருகை ஒரு சுற்றுக் குறைவாக விட்டோமா? மூளை முழுக்கப் பேத்தியாக இருந்ததில் கை தன்னிஷ்டத்துக்கு ஏதாவது செய்துவிட்டதா?

அதைவிடப் பெரிதாக வேறொன்று அவரைக் குடைந்தது. ஊதாப் பெட்டிக்காரர் வாய் சும்மா இருக்காது. கை நடுங்குகிற கதை மாடிப்படி இறங்கி, விற்பனைப் பெண்களிடம் போய், நாளைக்கே வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடும். நடுங்குகிற கையில் எந்த வீட்டில் குழந்தையைக் கொடுப்பார்கள்? மனைவியே கொடுத்தாலும் அவர் வாங்கலாமா?

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, இங்க ஒரு துணிகூடக் காஞ்சது இல்ல. கடைசித் துணியும் நனைச்சுட்டா உங்க ராணி. அங்க காஞ்சிருந்தா எடுத்துட்டு சீக்கிரம் வாங்க."

அப்போதுதான் துணி ஞாபகமே வந்தது. எழுந்து போய், வலது மேஜைக்குப் பின்னால் கையை விட்டார். கை அப்படியே நின்றுவிட்டது. துணி அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது. நாலைந்து துணி தொங்கினால் நடுவில் காற்றுப் போக இடமிருக்கும். பதினொரு துணி இரண்டடுக்காக நெருக்கித் தொங்கியதில் அங்கே ஒரு சுவரே எழும்பியிருந்தது. மெஷின் பின்பக்கமாக விட்ட சூடான காற்று துணியில் முட்டித் திரும்பி மெஷினுக்குள்ளேயே போயிருக்கிறது. வலது மேஜையில் எந்தச் சில்லை வைத்தாலும் அது தன் வெக்கையையே மூச்சாக இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பாவம், அது எப்படி ஜெயிக்கும்?

பசைக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வியர்த்தது.

இந்தத் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் வேறு ஆள் மாட்டும்போது கொடியில் துணி இருக்காது, பந்தயம் ஒழுங்காக நடக்கும். "பாத்தீங்களா, அவரு கைதான்" என்று ஊரே சொல்லும். உள்ளதைச் சொன்னால் கை தப்பிக்கும். ஆனால் ஈரத்துணியை அசெம்பிளி அறையில் தொங்கவிட்டவனை முதலாளியம்மா பேக்கிங்கில்கூட வைத்துக்கொள்வாரா? கை போனவன் என்ற பெயரா, புத்தி போனவன் என்ற பெயரா? இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எது தேவலை என்று அவருக்குப் புலப்படவில்லை.

புத்தி இல்லாவிட்டாலும் குழந்தையைத் தூக்கலாம் என்று பட்டது. துணிகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு நடந்தார்.

மூன்று பேரும் டீக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரிச் சட்டையில் ஒரு பெரியவர், கை நிறையச் சின்னச் சின்னச் சதுரத் துணிகள். ஒன்று நழுவி ஊதாப் பெட்டிக்காரரின் ஷூமேல் விழுந்தது.

"என்னண்ணே இது?" என்றார் முதலாளியம்மா.

"பேத்தியோடது மேடம். வலது மேஜைக்குப் பின்னாடி காயப்போட்டிருந்தேன். காத்து போற வழிய இது அடைச்சிருக்கு. பசை மேல தப்பில்ல. கை மேலயும் தப்பில்ல. புத்திதான்."

"ஈரத்துணி" என்றார் முதலாளியம்மா. "அந்த ரூம்ல."

"ஆமாம் மேடம்."

"எத்தன நாளா?"

"மழ பிடிச்சதுலேருந்து."

ஊதாப் பெட்டிக்காரர் குனிந்து ஷூமேல் கிடந்த துணியை இரண்டு விரலால் எடுத்தார். "அதாவது... என் பிராசஸர் தோத்தது இதனாலயா?"

"காலைல நான் தோத்ததும் இதனாலதான்" என்று அவசரமாகச் சொன்னார் மஞ்சள் பெட்டிக்காரர், அதிலும் பின்தங்கிவிடக்கூடாது என்பதுபோல.

முதலாளியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ ஓட்டுங்க. இப்பவே. எதையும் பிரிக்க வேணாம், பசையத் தொட வேணாம். அண்ணன் மாட்டினது மாட்டினபடியே இருக்கட்டும்."

மறுபடி பேத்தி இரண்டு திரையிலும் தூங்க ஆரம்பித்தாள். நாலு பேரும் நின்றபடியே பார்த்தார்கள். பசைக்காரருக்கு எந்த வண்ணம் ஜெயிக்கிறது என்பது பொருட்டே இல்லை. வலது மேஜைத் திரையின் ஓரத்தில் இருந்த சூட்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. எழுபத்தொன்று. அதற்குமேல் ஏறவே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

மஞ்சள் பதினெட்டு நிமிஷம் எட்டு நொடி. ஊதா பதினெட்டு நிமிஷம் பன்னிரண்டு நொடி.

"ஜெயிச்சாச்சு!" என்று டையை இழுத்துவிட்டார் மஞ்சள் பெட்டிக்காரர்.

"நாலு செகண்டா? நீங்க முதல்ல பட்டனை அமுக்கினீங்க!"

"நீங்கதான் கண்ணைச் சிமிட்டிட்டு அமுக்கினீங்க!"

"ஒண்ணே முக்கால் மணி நேரத் தூக்கத்துல நாலு செகண்டு" என்றார் முதலாளியம்மா, தனக்குத்தானே சொல்வதுபோல. "இதுக்கா வருஷா வருஷம் நான் ஒரு நாளக் கெடுத்துக்கிட்டேன்? முன்வரிசை ஆளுக்குப் பாதி. போய் வேலையப் பாருங்க."

இருவருக்கும் திருப்தி இல்லை. பாதி கிடைத்தது ஜெயித்ததா தோற்றதா என்று இருவருக்கும் பிடிபடவில்லை. பசைக்காரர் இன்னும் அசையாமல் நின்றார்.

"அந்தக் கொடிய இப்பவே கழட்டுங்க. ஆணியையும் பிடுங்குங்க" என்றார் முதலாளியம்மா. "நாளையிலேருந்து ஒரு மாசத்துக்கு உங்க பையை வாசல்ல காவலாளிகிட்டத் திறந்து காட்டிட்டுத்தான் மாடி ஏறணும்."

"மாடிக்கா மேடம்? பேக்கிங் கீழ இல்ல இருக்கு?"

"பெட்டிய யாரு வேணா கட்டலாம்ணே. ஸ்டூல்ல போய் உக்காருங்க."

அவர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மஞ்சள் பெட்டிக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். இத்தன நாளா ரெண்டு கம்பெனி மெஷினும் அந்த மேஜைல ஓடியிருக்கும். எது சீக்கிரம் காய வெச்சது?"

கதவருகே பையை மூடிக்கொண்டிருந்த ஊதாப் பெட்டிக்காரரின் கை நின்றது.

பசைக்காரர் யோசித்தார். மஞ்சள் என்று சொன்னால் மஞ்சள்தான் அதிகம் சூடாகிறது என்று ஆகும். அது பழியா, புகழா? ஊதா என்று சொன்னாலும் அதே சிக்கல். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். தங்கள் கம்பெனிப் பெயர் வர வேண்டுமா வரக்கூடாதா என்று அவர்களுக்கே நிச்சயம் இல்லை போலிருந்தது.

"கவனிக்கல சார்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் துணிப்பையைக் கொடுத்தார். மகள் பாய்ந்து வந்து ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "அப்பா, இன்னும் வெதுவெதுன்னு இருக்குப்பா!"

"ரெண்டு கம்பெனியும் போட்டி போட்டுக் காய வெச்சதும்மா. நாளையிலேருந்து வேற வழி பாக்கணும்."

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. கை கால் கழுவி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்காமலே கைகளை நீட்டினார். அவள் குழந்தையை வைத்தாள். "தலை பத்திரம்."

அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க கையையே பாக்குறீங்க?"

"நடுங்குதா பாரு."

மனைவி குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கைகள் லேசாக அசைந்துகொண்டுதான் இருந்தன. "அட போங்க. அவதான் நெளியிறா."

இருக்கலாம். கை அசைந்ததால் குழந்தை அசைந்ததா, குழந்தை அசைந்ததால் கை அசைந்ததா என்று அவர் இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பேத்தி தும்மினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்ததை மறந்துபோனார்.

ஐந்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. மனைவி திரும்ப வாங்க வரவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.